நாற்சந்தியில் நின்ற வண்டி

மட்டாஞ்சேரி,
17 ஜூன் 2024

திருமதி மாடத்தி அவர்களுக்கு,

வணக்கம். இக்கடிதம் உங்களுக்கு வியப்பளிக்கக்கூடும். பாண்டிகசாலை ரோடும் பள்ளிக்கூட ரோடும் சந்திக்கும் நாற்சந்தியின் மூலையில் உள்ள மாடி வீட்டிலிருந்து வழக்கறிஞர் சிவசங்கரன் எழுதுகிறேன். உங்களுடைய இப்போதைய முகவரியைத் தேநீர்க்கடை சேவியரிடம் ஆள் அனுப்பிக் கேட்டுப் பெற்றேன்.

மேற்படி நாற்சந்தியில் வாகனங்கள் ஒரு கணம் நின்று பார்த்துச் செல்வதற்கான நிறுத்தப் பலகைகளைக் கோரலாமா, வேண்டாமா என்று எங்கள் தெருவாசிகள் சங்கம் முடிவெடுக்க வேண்டியுள்ளது. முப்பத்தொரு ஆண்டுகள் வழக்குரைத்தவன் என்பதால் அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கோரிக்கையைப் பரிசீலிக்கும் போக்குவரத்துப் பிரிவினர் கடந்த ஐந்தாண்டுகளின் விபத்து விவரத்தைக் கேட்கிறார்கள். தேடிப் பார்த்தேன். ஐந்தாண்டுகளில் ஒன்றுகூட இல்லை. ஆனால் இவ்வாண்டு மார்ச் மாதம் தொடங்கி, என் ஜன்னலிலிருந்து தெரிந்த வரையில், மூன்று மோதல்கள். கடைசியாக, சென்ற புதன்கிழமை, பிள்ளையைப் பள்ளியில் விட வந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது.

சாலை அதே சாலை. அகலம் கூடவில்லை, குறையவும் இல்லை. பள்ளி நேரமும் மாறவில்லை. எனவே எது மாறியது என்பது எனக்குப் புலப்படவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அந்தச் சந்தியைத் துப்புரவு செய்தவர் என்ற முறையில் உங்களிடம் இரண்டு கேள்விகள். நீங்கள் பணியில் இருந்த காலத்தில் அங்கே விபத்து எதையும் பார்த்தீர்களா? இல்லையெனில், இப்போது நடப்பதற்கு என்ன காரணம் என்று கருதுகிறீர்கள்?

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். பேச்சில் சொன்னது பின்னர் எவர் சொன்னது என்று நிற்காது, ஆகவே எழுதுகிறேன். பதிலுக்கு முகவரியிட்ட உறை இணைத்துள்ளேன்.

ஜனவரியில் என் பெயரில் உங்கள் அலுவலகத்துக்குச் சென்ற முறையீட்டை இதனுடன் தொடர்புபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது தனி விஷயம்.

இப்படிக்கு,
ஆ. சிவசங்கரன்


எறணாகுளம்
25-6-24

வக்கீல் ஐயாவுக்கு மாடத்தி எழுதுறது.

பதினெட்டு வருசம் உங்க வாசலைத் தூத்திருக்கேன். ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீகளா? "இந்தா, இங்க ஒரு எலை கெடக்கு"ம்பீக. இப்போ கவர்மேல திருமதி மாடத்தி அவர்கள்னு இருக்கு. தபால்காரர் என்னை மேலயும் கீழயும் ரெண்டு மட்டம் பாத்தார். ரூம்ல கூட இருக்க பாண்டிச்செல்வி, "என்னக்கா, கோர்ட்டு நோட்டீஸா?"ன்னு கேட்டா. "இல்லட்டி, என்னைய ஜட்ஜியாப் போட்டிருக்காக"ன்னு சொன்னேன்.

எனக்கு இப்போ இங்க பிராட்வே கடைத்தெருவுல வேலை. விடியக்காலை அஞ்சு மணிக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து, ஒப்புப் போடணும். அந்நேரத்துக்கு மட்டாஞ்சேரியில இருந்து போட்டும் கிடையாது பஸ்ஸும் கிடையாது. அதனால அங்க இருந்த வீட்டை விட்டுட்டு இங்க ஒரு ரூம்ல மூணு பேரா கெடக்கோம். என் மக, பேரு மகா, கும்பளங்கியில கெட்டிக்கொடுத்த எடத்துல இருக்கா. மாசத்துக்கு ஒருக்க பாத்தா உண்டு.

நான் இருந்தப்ப அங்க விபத்து ஒண்ணும் நடக்கல. அது சத்தியம். காரணம் என்னன்னு தூத்துறவகிட்ட கேட்டா எப்படி? படிச்சவுக நீங்க. தனி விஷயம்னு எழுதியிருக்கீகளே, அதை ஒரு மட்டம் நிதானமா உக்காந்து யோசிங்க.

சேவியர் சேட்டன் கடைக்கு ஒம்பது மணி சாயாவுக்கு இப்பவும் போறீகளா? பதில் எழுதும்போது இதையும் எழுதுங்க.

மாடத்தி


மட்டாஞ்சேரி,
10 ஜூலை 2024

திருமதி மாடத்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விளிக்கும் முறை பற்றிய உங்கள் குறை நியாயமானது. ஏற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடி யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட, ஜனவரி 22 அன்று நான் அனுப்பிய முறையீட்டின் நகலை எடுத்துப் படித்தேன் என்பதே சரி. அதில் நானே இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "பள்ளி நாட்களில் காலை 8.45 முதல் 9.50 வரை, குப்பை சேகரிக்கும் தள்ளுவண்டி நாற்சந்தியின் நடுவில், என் வீட்டு மதிலிலிருந்து சுமார் பதினான்கு அடி தூரத்தில், குறுக்குவாட்டில், உள்நோக்கத்துடன் நிறுத்தப்படுகிறது. இதனால் நான்கு திசை வாகனங்களும் வேகம் குறைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லவேண்டிய நிலை ஏற்படுகிறது."

கடைசி வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். வாகனங்கள் வேகம் குறைத்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. ஒரு நிறுத்தப் பலகையால் ஆகக்கூடியது அவ்வளவுதான். அதை நான் குற்றமாக எழுதியிருக்கிறேன். மார்ச் முதல் தேதி உங்களுக்கு இடமாற்றம் வந்தது. முதல் மோதல் நடந்தது மார்ச் பதினொன்றாம் தேதி.

அறிக்கைக்கு இதைவிட வலுவான சான்று எனக்குக் கிடைக்காது. விபத்து இல்லாததால் பலகை தேவையில்லை என்று சொல்லப்போகிறவர்களுக்கு, விபத்து இல்லாததற்கு வண்டியே காரணம் என்று காட்டிவிடலாம். ஆகவே ஒன்றை மட்டும் உறுதிப்படுத்த வேண்டுகிறேன்: வண்டியை அங்கே நிறுத்தியது தற்செயலா, அல்லது வாகனங்களைத் தடுக்கும் பொருட்டு நீங்களாகவே செய்ததா?

சேவியரின் கடை குறித்த கேள்வி அறிக்கைக்குத் தொடர்பற்றது.

இப்படிக்கு,
ஆ. சிவசங்கரன்


எறணாகுளம்
15-7-24

ஐயா,

உங்க லெட்டர் கெடச்ச அன்னைக்கே எழுதுதேன். அந்தப் பேப்பரை யார்கிட்டயும் குடுத்திராதீக. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

உங்க முறையீடு வந்ததும் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாக. யூனியன்ல இருக்க பிரதீஷ்தான் மலையாளத்துல எனக்குப் பதில் எழுதித் தந்தான். வண்டியை நான் ஒருநாளும் ரோட்டுல நிப்பாட்டினதே இல்ல, ஒருக்க டயர் பஞ்சர் ஆயிப் போச்சு, அதை யாரோ தப்பாப் பாத்து எழுதிட்டாகன்னு. "இதுல ஒப்புப் போடு சேச்சி, பாக்கியை நான் பாத்துக்கிடுதேன்"னான். போட்டேன். அதனாலதான் தண்டனை ஒண்ணும் இல்லாம இடம் மாத்தி விட்டாக. வர்ற மே மாசம் எனக்கு ரிட்டையர். இப்போ நீங்க போயி அவ வேணும்னேதான் நிப்பாட்டினான்னு எழுதினா, நான் எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆயிரும். பழைய பைலைத் திறப்பாக. கடைசி வருசத்துல பொய் சொன்னவன்னு பேர் வாங்கிக்கிட்டு வெறுங்கையோட போகச் சொல்லுதீகளா?

உள்நோக்கம்னு எழுதினது நீங்க. அதுல இருந்து தப்பிக்கப் பொய் சொன்னது நான்.

உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். ஆமா, வேணும்னுதான் நிப்பாட்டினேன். வந்த புதுசுல மூணு வருசமோ நாலு வருசமோ சும்மா ஓரத்துலதான் விடுவேன். ஒருநாள் ஸ்கூல் ஆட்டோ ஒண்ணும் மொளகு லோடு வண்டி ஒண்ணும் மூக்கும் மூக்கும் இடிக்கப் போயி தப்பிச்சது. ஆட்டோவுக்குள்ள பதினோரு பிள்ளைக. அதுக மூஞ்சியப் பாத்தேன். மறுநாளு வண்டியக் கொண்டு நடுவுல போட்டுட்டு ஓரத்துல தூத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் திட்டினாக. "ஒங்க அப்பன் வீட்டு ரோடா?"ன்னு கேட்டாக. ஆனா மெதுவாப் போனாக. திட்டிக்கிட்டே மெதுவாப் போனா எனக்கென்ன? மதி, அது போதும்.

இந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்ருங்க. என் மக மலையாளம்தான் படிச்சா, நீங்க எழுதுறதைக் கண்டாலும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. உங்க பக்கத்துலதான் தமிழ் வாசிக்கிற ஆளுக இருக்காக.

மாடத்தி


மட்டாஞ்சேரி,
3 ஆகஸ்ட் 2024

திருமதி மாடத்தி அவர்களுக்கு,

கிழிக்கும்படி எழுதியிருந்தீர்கள். ஆவணத்தை அழிப்பது எனக்குப் பழக்கமில்லை; ஆனால் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அதன் சாவி என்னிடம் மட்டுமே உள்ளது. உங்கள் அனுமதியின்றி வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டேன். இதை என் வாக்குறுதியாகக் கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் என் வீட்டிலேயே நடந்தது. தலைவி ஷைலஜா டீச்சர் பலகை வேண்டும் என்றார். மிளகு மண்டி ராசப்பன் எழுந்து, "ஸ்டாப்புன்னு எழுதி வெச்சா நம்ம ஊர்க்காரன் பஸ் வருமேன்னு குடை பிடிச்சுக்கிட்டு அதுக்குக் கீழே நிப்பான் டீச்சரே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் விடவில்லை. "உங்க லோடு வண்டி நிக்கணுமேன்னுதானே உங்களுக்கு வயித்தெரிச்சல்?" என்றார். "நிக்கட்டும், என் வண்டிக்கு பிரேக் இல்லையேன்னுதான் சங்கடம்" என்றார் ராசப்பன். அதன்பின் அரைமணி நேரம் பிரேக் பற்றியே பேச்சு நடந்தது.

ஆனால் ராசப்பன் ஒரு கேள்வி கேட்டார். "நடந்ததா சொல்ற மோதலுக்கெல்லாம் பதிவு எங்கே சாரே?" பதிவு எங்கும் இல்லை. இத்தெருவில் எது மோதினாலும் இரு தரப்பையும் சேவியர் தன் கடை பெஞ்சில் உட்கார வைத்து, ஆளுக்கொரு சாயா கொடுத்து, பேசித் தீர்த்து அனுப்பிவிடுகிறார். மணிக்கட்டு முறிந்த பெண்கூடக் காவல் நிலையத்துக்குச் செல்லவில்லை. ஆக, தாள்களின்படி இந்தச் சந்தியில் இன்றுவரை எதுவுமே நடக்கவில்லை. மாற்றத்துக்கு விளக்கம் தராமல் அனுப்பினால் கோரிக்கை நிராகரிக்கப்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. விளக்கமோ உங்கள் வண்டி ஒன்றுதான். சேவியர் சாட்சி சொல்ல முன்வந்தார். அவரும் வண்டியைத்தானே சொல்லவேண்டும் என்று தடுத்துவிட்டேன்.

அறிக்கையை ஆகஸ்ட் இறுதிக்குள் தரவேண்டும். வேறு வழி புலப்பட்டால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆ. சிவசங்கரன்

பி.கு.: சேவியரின் கடைக்கு நான் மார்ச் மாதம் முதல் செல்வதில்லை. வீட்டிலேயே தேநீர் தயாரித்துக்கொள்வது எனக்கு வசதியாக உள்ளது.


எறணாகுளம்
11-8-24

ஐயாவுக்கு,

வசதியா? பின்னே, வசதியாம்!

நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீக. உங்க முதல் லெட்டர்ல வரி நேரா இருந்துச்சு. இப்ப வந்ததுல எழுத்து இடது பக்கம் மார்ஜின் தாண்டி, சில வரி பேப்பருக்கு வெளிய போயி மேசையில எழுதியிருக்கீக. ஒரு வார்த்தைக்குப் பாதிதான் இருக்கு, மிச்சம் உங்க மேசையில இருக்கும், போய்ப் பாருங்க.

உங்களுக்கு இடது கண்ணு தெரியாதுன்னு எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். நீங்க யார்கிட்டயும் சொல்லல. ஒம்பது மணிக்குப் படியிறங்கி வருவீக. ரோட்டோரம் வந்து நின்னு, என் வண்டி எங்க நிக்குன்னு பாப்பீக. வண்டிக்கு இந்தப் பக்கமாவே ஒட்டி நடந்து அக்கரை போவீக. வண்டியை அரை அடி தள்ளி விட்டா அப்படியே நின்னுருவீக. அதனாலதான் நாள்தோறும் ஒரே எடத்துல போடுவேன். பதினாலடின்னு எழுதியிருக்கீகளே, அது பின்னே எப்படித் தப்பாம பதினாலடியா இருந்துச்சுன்னு நெனச்சீக?

ஜனவரியில ஒருநாள் ரோட்டுல குழாய்க்கு தோண்டிப் போட்டிருந்தாக. வண்டி தள்ளி நின்னுச்சு. நீங்க வந்து மோதி விழுந்தீக. நான்தான் ஓடியாந்து தூக்கிவிட்டேன். "பாத்து வரக்கூடாதா ஐயா"ன்னேன். சேவியர் சேட்டன் கடையில நின்ன ஆளுக சிரிச்சாக. நீங்க எம்மூஞ்சியப் பாக்காம வீட்டுக்குள்ள போனீக. மூணாம் நாளு எழுதிப் போட்டீக.

அன்னைக்கு சிரிச்சதுல நானும் ஒருத்தி. அதுக்கு என்னை மன்னிச்சிருங்க.

இங்க பிராட்வேயில ஆயிரம் பேர் நடக்காக. ஒரு ஆளுக்கும் என்னைத் தெரியாது. "இந்தா, எலை கெடக்கு"ன்னு சொல்லக்கூட ஆளில்ல. விளக்குமாறு மட்டும் தனியா நடக்குதுன்னு நெனச்சுப் போவாக போல.

மாடத்தி


மட்டாஞ்சேரி,
27 ஆகஸ்ட் 2024

திருமதி மாடத்தி அவர்களுக்கு,

பதினாறு நாட்கள் உங்களுக்குப் பதில் எழுதவில்லை. எழுத அமர்ந்தது ஐந்து முறை.

இதுவரை நான் உங்களுக்கு எழுதியவற்றில் பொய் இல்லை. ஆனால் முழுமையும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், முழு உண்மையைச் சொல்கிறேன் என்று சாட்சிகளைச் சொல்ல வைத்தே என் வாழ்நாள் போயிற்று. இரண்டாவதை நானே விட்டுவிட்டேன். எனக்கு இடக்கண் பார்வை போய்விட்டது. வலக்கண்ணிலும் ஓரங்கள் மங்கிவருகின்றன. கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய்; போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனைவி காலமான பிறகு இவ்வீட்டில் தனியாக இருக்கிறேன். ஆகவே மறைப்பது எளிதாக இருந்தது. உங்கள் வண்டியைப் பார்த்துத்தான் கடந்தேன் என்பதை உங்கள் கடிதத்தைப் படிக்கும் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. வண்டி பொதுமக்களுக்கு இடையூறு என்று எழுதினேன். இடையூறு அடைந்தவன் நான் ஒருவன். விழுந்ததைப் பலர் பார்த்துவிட்டார்கள் என்பதே என் முறையீட்டின் உண்மையான காரணம்.

"உள்நோக்கத்துடன்" என்ற சொல்லுக்காக வருந்துகிறேன். இன்னொருவர் மனத்தில் இருப்பதை எழுத எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. நோக்கம் இருந்திருக்கிறது, நான் எழுதிய நோக்கம் அல்ல.

இம்மாதம் பத்தொன்பதாம் தேதி காலை ஷைலஜா டீச்சரை ஒரு ஸ்கூட்டர் இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பில் அடி. நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன். சத்தம் கேட்டது. எனக்கு இடப்புறம் நடந்ததால் எதுவும் தெரியவில்லை. ராசப்பன் கீழிருந்து கூப்பிட்டு, "சாரே, நீங்கதானே பாத்துக்கிட்டு நின்னீங்க, யார் மேலே தப்பு?" என்றார். "கவனிக்கவில்லை" என்றேன். இடித்தவன் தன்னிடம் படித்தவன் என்று சொல்லி டீச்சர் புகார் தர மறுத்துவிட்டார். இதுவும் பதிவாகவில்லை.

எனவே பின்வருமாறு முடிவு செய்திருக்கிறேன். அறிக்கைப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன்; இதில் எனக்குச் சொந்த நலன் இருப்பதால் நான் எழுதக்கூடாது. அதற்குப் பதிலாக, என் பெயரிலேயே தனி மனு கொடுக்கப்போகிறேன். இந்த நாற்சந்தியில் பார்வை இழந்துவரும் ஒருவர் வசிக்கிறார், அவரால் தெருவைக் கடக்க இயலவில்லை என்று. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின் கீழ் அவ்வாறு கேட்க இடமுண்டு. அப்போது விபத்துக் கணக்கு தேவைப்படாது. மனுவில் வண்டி வராது. நீங்கள் வரமாட்டீர்கள்.

மருத்துவச் சான்றை மனுவுடன் இணைக்கவேண்டும். அதன் நகல் சங்கத்துக்குப் போகும். அங்கிருந்து ஒரே நாளில் என் மகன் அபிராமுக்கும் போகும். அவன் பெங்களூருவில் இருக்கிறான். "தனியா ரோடு கடக்க முடியிற வரைக்கும் நீங்க மட்டாஞ்சேரியில இருங்கப்பா, முடியலைன்னா என்கூட வந்துடணும்" என்று முன்பே சொல்லியிருந்தான். நான் சம்மதித்தேன். எழுத்தில் இல்லை என்றாலும் சம்மதம் சம்மதம்தான்.

இப்படிக்கு,
ஆ. சிவசங்கரன்


எறணாகுளம்
31-8-24

ஐயா,

போட்டாச்சா? போடலைன்னா போடாதீக. போர்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் மே மாசம் ரிட்டையர் ஆன அன்னைக்கு நானே வந்து எல்லார்கிட்டயும் சொல்லுதேன், வண்டியை வேணும்னுதான் நிப்பாட்டினேன்னு. அதுக்கப்புறம் என்னை என்ன செய்வாக? ஒம்பது மாசம் பொறுக்க முடியாதா?

அந்த வீட்டை விட்டுப் போனா நீங்க என்ன செய்வீக? பெங்களூருல உங்களுக்கு யாரைத் தெரியும்?

மாடத்தி


மட்டாஞ்சேரி,
6 நவம்பர் 2024

திருமதி மாடத்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது மனு போய்விட்டிருந்தது. ஒன்பது மாதம் என்பது நூற்றைம்பது பள்ளிக் காலைகளுக்குச் சற்றுக் குறைவு. பொறுக்கலாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. தவிர, ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் எங்கும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் ஆலோசனை. இதற்குக் கட்டணம் இல்லை.

முடிவு நேற்று வந்தது. நான்கு பக்கமும் கேட்டேன். பாண்டிகசாலை ரோடு பிரதான வழி என்று கொள்ளப்பட்டு, பள்ளிக்கூட ரோட்டின் இரண்டு முனைகளில் மட்டும் நிறுத்தப் பலகைகளும் நிறுத்தக் கோடுகளும் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஜனவரிக்குள் வைப்பார்கள். முழு வெற்றி அல்ல. ஆனால் தோல்வியும் அல்ல. ராசப்பன் வந்து, "சாரே, நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா கையைப் பிடிச்சுக் கடத்தி விட்டிருப்போமே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதன்பின் என் வீட்டுக்கு வரும் எல்லாரும் சற்று உரக்கப் பேசுகிறார்கள். எனக்குக் காதில் குறையில்லை என்று எவரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அபிராம் கார் கொண்டுவருகிறான். வீட்டை வாடகைக்கு விடுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஒன்று உறுத்துகிறது. என் மனுவில் உங்கள் பெயர் எங்கும் இல்லை, வண்டியும் இல்லை. அதாவது, அத்தனை ஆண்டுகள் இந்தச் சந்தியில் எவருக்கும் ஏன் அடிபடவில்லை என்பதற்கு எந்தக் கோப்பிலும் இனி விடை கிடையாது. அதை அறிந்தவர்கள் நீங்களும் நானும். ஒருவர் பெங்களூருவில் இருப்பார், மற்றவர் பிராட்வேயில்.

புதிய முகவரி கீழே உள்ளது.

இப்படிக்கு,
ஆ. சிவசங்கரன்


கும்பளங்கி
9-6-25

வக்கீல் ஐயாவுக்கு மாடத்தி எழுதுறது.

போன மாசம் முப்பத்தொண்ணாம் தேதி ரிட்டையர் ஆனேன். ஒரு குறையும் எழுதாம விட்டாக. மால போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் தந்தாக. இப்போ மகா வீட்டுலதான் இருக்கேன். நல்லாத்தான் பாத்துக்கிடுதா. ஆனா காலையில நாலு மணிக்கு முழிப்பு வந்துருது. எந்திரிச்சு வாசலத் தூத்தா, "அம்மா, ஊரு சிரிக்கும், உள்ள போய்ப் படும்மா"ங்கா. மருமகனும் பேரப்பிள்ளைகளும் மலையாளத்துலயே பேசிக்கிடுதாக. பேசட்டும், எனக்கும் தெரியும். ஆனா நான் தமிழ்ல ஒண்ணு சொன்னா சின்னவன் அவன் அம்மையைப் பாத்து, "அம்மம்ம என்னா பறஞ்சது?"ன்னு கேக்கான்.

இன்னைக்குத் திங்கள். பள்ளிக்கூடம் திறந்துட்டாகன்னு பஸ் ஏறி மட்டாஞ்சேரி போனேன். யூனிபாரம் இல்லாம போனதால ராசப்பன் முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியல. சேவியர் சேட்டன்தான் கண்டுபிடிச்சாரு. சாயா தந்தாரு, காசு வாங்கல.

ஸ்டாப் போர்டு ரெண்டும் நல்லா செவப்பா இருக்கு. எல்லாரும் நிக்குதாகன்னு பொய் சொல்ல மாட்டேன். பாதிப்பேரு நிக்குதாக. ஆட்டோக்காரன் நிக்கவே மாட்டேங்கான். லோடு வண்டி நிக்குது, ராசப்பன் முதலாளிக்கு பிரேக் கெடச்சிருச்சு போல. ஷைலஜா டீச்சர் கம்பு ஊனிக்கிட்டு கடந்து போனாக. அவுக போகும்போது எல்லாமே நின்னுச்சு.

நான் ஓரத்துல சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அப்போ ஒரு வெள்ளைக் காரு வந்து, கோட்டுக்கு முன்னாடி நின்னுச்சு. ரோட்டுல யாருமே இல்ல. நான் கடக்கப் போறேன்னு நெனச்சுட்டான். கையக் காட்டி, போங்க போங்கன்னான். எனக்கு அந்தப் பக்கம் ஒரு சோலியும் இல்ல. ஆனா ஒருத்தன் எனக்காக நிக்கும்போது எப்படிச் சும்மா நிக்க? கடந்து போனேன்.

போனா உங்க வீட்டு வாசல். கேட்டு பூட்டிக் கெடக்கு. படியில எலை விழுந்து கெடக்கு. அங்கேயே நின்னேன். பெறகு திரும்பி வந்தேன். அதுக்கும் ஒரு ஸ்கூட்டர் நின்னு வழி விட்டுச்சு.

மாடத்தி


பெங்களூரு,
20 ஜூன் 2025

திருமதி மாடத்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாட்களாகப் படித்தேன். அபிராம் படித்துக் காட்டுவதாகச் சொன்னான், வேண்டாம் என்றேன். இக்கடிதத்தை நானே எழுதுகிறேன். வரி விலகினால் பொறுத்துக்கொள்ளவும். நாங்கள் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். இங்கிருந்து பார்த்தால் சாலை தெரியாது என்கிறார்கள். தெரிந்தாலும் என் நிலை அதுவே.

உங்கள் கடிதத்தில் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒன்று: அந்த வெள்ளைக் கார் முழுமையாக நின்றதா, அல்லது வேகத்தைக் குறைத்து மெல்ல உருண்டதா? சக்கரம் நின்றால்தான் நின்றதாகக் கொள்ளமுடியும்.

இரண்டு: என் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? தோராயமாகச் சொன்னால் போதும். இதை நான் எந்த அறிக்கைக்காகவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சிவசங்கரன்